யன்னாகிஸ், ஸ்பனூலிஸ்: ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆனபோது

1949-இல் கெய்ரோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் கிரீஸின் ஆடவர் கூடைப்பந்து அணி வெண்கலம் வாங்கியது. அதற்குப் பிறகு ஐரோப்பியப் போட்டியிலும் உலகப் போட்டியிலும் அந்த நாடு பெற்ற பதக்கங்கள் ஆறு: 1987-இல் தங்கம், 1989-இல் வெள்ளி, 2005-இல் தங்கம், 2006 உலகப் போட்டியில் வெள்ளி, 2009-இலும் 2025-இலும் வெண்கலம். முதல் இரண்டில் பனயோட்டிஸ் யன்னாகிஸ் ஆட்டக்காரர். கடைசி இரண்டில் வசிலிஸ் ஸ்பனூலிஸ் இருக்கிறார், ஒன்றில் ஆட்டக்காரராக, மற்றொன்றில் பயிற்சியாளராக. நடுவிலுள்ள இரண்டிலும் இருவரும் உண்டு. யன்னாகிஸ் பயிற்சியாளர், ஸ்பனூலிஸ் அவரிடம் ஆடிய இளைஞர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இந்த இருவரில் ஒருவரும் இல்லாமல் கிரீஸ் ஒரு பதக்கமும் வாங்கியதில்லை.

பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளராக மாட்டார் என்று விளையாட்டு உலகில் ஒரு பேச்சு உண்டு. தனக்குத் தானாக வந்ததை அடுத்தவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதே அந்தப் பேச்சின் அடிப்படை. கிரீஸ் கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர் நிகோஸ் காலிஸ் பயிற்சியாளர் வேலைப் பக்கமே போகவில்லை என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் காலிஸுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய யன்னாகிஸ் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் ஆடிய ஸ்பனூலிஸும் ஆனார். இருவரும் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் கார்ட் இடத்தில் ஆடியவர்கள், இருவரும் அணித்தலைவர்கள், உயரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் அவர்கள் பயிற்சியாளரான வழி ஒன்றல்ல. அந்த வேறுபாட்டின் வேர் அவர்கள் ஆடிய காலத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

யன்னாகிஸ் 1959-இல் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய நிகேயாவில் பிறந்தார். சின்ன ஆசியாவிலிருந்து வந்த அகதிகள் குடியேறி வளர்ந்த, உழைப்பாளிகள் வாழும் பகுதி அது. உள்ளூர்க் கழகமான அயோனிகோஸ் நிகேயாஸில் சிறு வயதிலேயே பெரியவர்களோடு ஆடத் தொடங்கினார். 1981 ஜனவரி 24 அன்று தெசலோனிகியின் அரிஸ் கழகத்துக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் அவர் தனியாளாக 73 புள்ளிகள் எடுத்தார். எதிரணியில் காலிஸ் 62 எடுத்தார். அரிஸ் 114-113 என்று ஒரே புள்ளியில் வென்றது. மூன்று புள்ளிக் கோடு ஐரோப்பாவுக்கு வராத காலம் அது. ஒவ்வொரு கூடைக்கும் இரண்டே புள்ளி. அந்தக் கணக்கில் 73 புள்ளிகள் எடுத்த ஒருவர் தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்பினார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டுகள் கழித்து, 1984-இல், யன்னாகிஸ் அதே அரிஸுக்குப் போனார். அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்து 1979-இல் கிரீஸ் வந்த காலிஸ் அங்கே ஏற்கெனவே ராஜா. இரண்டு ராஜாக்களுக்கு ஒரு பந்து போதாது என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். யன்னாகிஸ் பந்தை விட்டுக்கொடுத்தார். எதிரணியின் சிறந்த கார்டைக் கட்டுப்படுத்துவது, ஆட்டத்தை ஒழுங்குசெய்வது, காலிஸ் ஓய்ந்த நேரத்தில் மட்டும் கூடையை நோக்குவது என்று தன் வேலையையே மாற்றிக்கொண்டார். பெரும்பாலும் பயிற்சியாளர் யான்னிஸ் யொவான்னிதிஸின் கீழ், அரிஸ் 1985 முதல் 1991 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கிரேக்கச் சாம்பியன். 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையின் (இன்றைய யூரோலீக்) இறுதி நால்வரில் இடம் பிடித்தது. மூன்று முறையும் அரையிறுதியோடு திரும்பியது. அந்த ஆண்டுகளில் அரிஸ் ஐரோப்பாவில் ஆடும் வியாழக்கிழமை இரவுகளில் தெருக்கள் வெறிச்சோடும் என்று கிரேக்கர்கள் இன்றும் சொல்வார்கள்.

நடுவில் வந்தது 1987. பிரேயஸின் அமைதி நட்பு அரங்கத்தில் ஜூன் 14 அன்று ஐரோப்பிய இறுதி ஆட்டம், எதிரே சோவியத் ஒன்றியம். கூடுதல் நேரம் வரை போய் 103-101 என்று கிரீஸ் வென்றது. காலிஸ் 40 புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடிகளில் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு வெற்றியை உறுதிசெய்தவர் ஆர்கிரிஸ் காம்பூரிஸ். கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர் யன்னாகிஸ். அன்றைக்குப் பிறகு கிரீஸில் தெருவுக்குத் தெரு கூடைக் கம்பங்கள் முளைத்தன. அந்த வெற்றி நடந்தபோது லாரிசா நகரில் ஐந்து வயதை எட்டாத சிறுவனாக இருந்தார் ஸ்பனூலிஸ்.

1996-இல் பாரிஸில் பார்சிலோனாவை 67-66 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தொட்ட முதல் கிரேக்கக் கழகம் பனதினாய்கோஸ். அந்த அணிக்கும் தலைவர் யன்னாகிஸ்தான், 37 வயதில். அந்த ஆண்டோடு அவர் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். கிரீஸ் அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 351.

ஸ்பனூலிஸின் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. யன்னாகிஸ் முதலில் எல்லாப் புள்ளிகளையும் தானே எடுத்துப் பிறகு விட்டுக்கொடுக்கக் கற்றவர். ஸ்பனூலிஸ் யன்னாகிஸ் போன்ற ஒருவரிடம் அடங்கி ஆடி, பிறகு எல்லாவற்றையும் தன் கைக்குக் கொண்டுவந்தவர். 2001-இல் லாரிசாவிலிருந்து அதென்ஸின் புறநகரான மரூசிக்கு வந்தார். அடுத்த ஆண்டு அங்கே பயிற்சியாளராக வந்தார் யன்னாகிஸ். பெரிய பணமில்லாத அந்தக் கழகம் 2004-இல் ஓர் ஐரோப்பிய இறுதி ஆட்டம் வரை போனது. யன்னாகிஸ் அதே ஆண்டில் தேசிய அணியையும் ஏற்றார். அப்போது அவர் கையிலிருந்த கார்டுகளை எண்ணிப் பாருங்கள்: தியோடோரோஸ் பாபாலூகாஸ், டிமிட்ரிஸ் டியாமாண்டிடிஸ், நிகோஸ் சீசிஸ், ஸ்பனூலிஸ். நால்வருமே பந்தைக் கையில் வைத்து ஆடக்கூடியவர்கள். வேறொரு பயிற்சியாளர் ஒருவரை மட்டும் நட்சத்திரமாக்கி மற்றவர்களை வெளியே உட்கார வைத்திருப்பார். காலிஸோடு பத்தாண்டுகள் கழித்தவருக்கு அந்த அவசரம் வரவில்லை. இவர்களை மாற்றி மாற்றி இறக்கினார். ஆட்டத்தின் கடைசிப் பந்து யாருக்கென்று அவருடைய அணியில் எழுதி வைக்கப்படவில்லை.

2005-இல் பெல்கிரேடு அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிடம் வரை பின்தங்கியிருந்த கிரீஸ், டியாமாண்டிடிஸின் மூன்று புள்ளி எறிதலால் 67-66 என்று தப்பியது. இறுதியில் டிர்க் நோவிட்ஸ்கியின் ஜெர்மனியை 78-62 என்று வென்றது. போட்டியின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் நோவிட்ஸ்கிக்குப் போனது. அதில் யன்னாகிஸ் வருத்தப்பட்டிருக்க மாட்டார். நட்சத்திரம் எதிரே இருந்தார், கோப்பை இங்கே இருந்தது. ஆட்டக்காரராக 1987-இல் எடுத்த அதே தங்கத்தை 18 ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளராகவும் அவர் எடுத்தார்.

அடுத்த ஆண்டு, 2006 செப்டம்பர் 1, ஜப்பானின் சைதாமா. உலகப் போட்டி அரையிறுதியில் எதிரே லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பால் ஆகியோரைக் கொண்ட அமெரிக்கா. என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாத கிரீஸ் 101-95 என்று வென்றது. அன்று நடந்தது மந்திரமல்ல. கூடைப்பந்தில் எல்லோரும் அறிந்த பிக் அண்ட் ரோல் என்ற ஒரே உத்திதான்: உயரமான வீரர் ஒருவர் தன் உடலால் தடுப்பாளரை மறிக்க, பந்து வைத்திருப்பவர் அவரைச் சுற்றி வெட்டிப் போவார், மறித்தவர் கூடையை நோக்கி உருள்வார். கிரீஸ் அதைத் திரும்பத் திரும்பச் செய்தது. அமெரிக்கர்கள் கடைசிவரை அதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. பாபாலூகாஸ் 12 முறை பந்தைத் தந்து கூடை போட வைத்தார். ஸ்பனூலிஸ் 22 புள்ளிகள். ஆட்டம் முடிந்து பேசிய அமெரிக்கப் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி கிரேக்க வீரர்களைச் சட்டை எண்களைச் சொல்லியே குறிப்பிட்டார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. யன்னாகிஸ் கட்டிய அணிக்கு அதைவிடப் பொருத்தமான பாராட்டு இருக்க முடியாது என்பேன்.

அந்த வழியின் குறையும் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. பாவ் கசோல் காயத்தால் ஆடாத ஸ்பெயினிடம் இறுதியில் கிரீஸ் 47-70 என்று தோற்றது. அமெரிக்காவுக்கு எதிராக 101 எடுத்த அணி 47-க்கு இறங்கியது. யாருக்குமே ஆட்டம் அமையாத இரவில் தோளில் தூக்கிப் போக ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரை வளர்க்காத அணிக்கு அன்று போக்கிடமில்லை. யன்னாகிஸின் கழகப் பயிற்சி வாழ்க்கையிலும் இந்தக் குறை தொடர்கிறது. 2008 முதல் 2010 வரை அவர் ஒலிம்பியாகோஸின் பயிற்சியாளர். நல்ல அணி, நிறையப் பணம், இரண்டு ஆண்டும் யூரோலீக்கின் இறுதி நால்வர், கோப்பை மட்டும் இல்லை. 2013-இல் சீனத் தேசிய அணிக்குப் போனது அதைவிட மோசம். ஆசியப் போட்டியின் காலிறுதியில் தைவானிடம் தோற்று ஐந்தாமிடம், பதவியும் போயிற்று. பல ஆண்டுகள் சேர்ந்து பழகிய ஆட்களோடு ஓர் ஒழுங்கை ஊறவைப்பதே அவர் பலம். ஒரு கோடைக்காலத்தில் அதை அந்நிய மண்ணில் செய்ய முடியவில்லை.

2009 மே மாதத்தில் பெர்லினில் நடந்த யூரோலீக் அரையிறுதியை இந்த ஒப்பீட்டின் மையமாக வைப்பேன். ஒலிம்பியாகோஸின் ஓரத்தில் யன்னாகிஸ். எதிரே செல்ஜ்கோ ஒப்ரடோவிச்சின் பனதினாய்கோஸ், அதில் ஸ்பனூலிஸ். பனதினாய்கோஸ் 84-82 என்று வென்றது, பிறகு கோப்பையையும் எடுத்தது. இறுதி நால்வரின் சிறந்த வீரர் ஸ்பனூலிஸ். ஆசிரியரின் அணியைத் தாண்டித்தான் மாணவர் முதல் யூரோலீக் கோப்பைக்குப் போனார். அடுத்த ஆண்டு யன்னாகிஸ் ஒலிம்பியாகோஸை விட்டு வெளியேறிய அதே கோடையில் ஸ்பனூலிஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். அதென்ஸின் பச்சைச் சட்டையிலிருந்து பிரேயஸின் சிவப்புச் சட்டைக்கு ஒருவர் மாறுவது அங்கே மன்னிக்கப்படும் காரியமல்ல. பனதினாய்கோஸின் தலைவராக ஆடிவிட்டு ஒலிம்பியாகோஸின் பயிற்சியாளரான யன்னாகிஸும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்தான். ஆனால் அவர் தாண்டியபோது எழுந்த கூச்சல், ஸ்பனூலிஸ் மீது ஆண்டுக்கணக்காகப் பொழிந்த வசைக்கு அருகில்கூட வராது.

அமெரிக்க விஷயத்திலும் இருவரின் வழி வேறு. யன்னாகிஸை 1982-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 205-ஆவது ஆளாக எடுத்தது. அவர் போய் ஆடவில்லை. என்.பி.ஏ.வில் ஆடினால் நாட்டுக்காக ஆட முடியாது என்ற விதி இருந்த காலம். ஸ்பனூலிஸ் போனார். 2006-07-இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்காக 31 ஆட்டங்கள், சராசரி மூன்று புள்ளிகளுக்கும் குறைவு. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓராண்டில் ஊர் திரும்பினார். பெஞ்சில் உட்கார்ந்த அந்த ஓராண்டு பின்னாளில் பயிற்சியாளருக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம். களத்துக்கு அனுப்பப்படாதவனின் எரிச்சல் என்னவென்று அங்கேதான் அவர் அறிந்திருக்க முடியும்.

ஒலிம்பியாகோஸில் ஸ்பனூலிஸ் பதினோரு ஆண்டுகள் ஆடினார். யன்னாகிஸின் அணியில் இல்லாத அந்த ஒருவராக, எல்லாப் பந்தும் தன்னைக் கடந்தே போகும் ஆளாக மாறினார். 2012 இஸ்தான்புல், 2013 லண்டன் என அடுத்தடுத்து இரண்டு யூரோலீக் கோப்பைகள். இரண்டிலும் இறுதி நால்வரின் சிறந்த வீரர் அவரே. 2021-இல் ஓய்வு பெற்றபோது யூரோலீக் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். ஆட்டக்காரர் என்ற அளவில் மட்டும் ஒப்பிட்டால் ஐரோப்பியக் கழகச் சாதனையில் ஸ்பனூலிஸ் மேலே என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இஸ்தான்புல்லின் கடைசிப் பந்தைப் பார்க்க வேண்டும். மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியிடம் 19 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஒலிம்பியாகோஸ் ஒரே புள்ளி வித்தியாசத்துக்கு வந்துவிட்டது. சில நொடிகளே மீதி. பந்து ஸ்பனூலிஸிடம். அரங்கமே அவர் எறிவார் என்று காத்திருந்தது, எதிரணித் தடுப்பாளர்களும் அப்படியே நினைத்து அவரை நோக்கிச் சரிந்தார்கள். அவர் பந்தை யோர்கோஸ் பிரிண்டேசிஸுக்குத் தள்ளினார். 0.7 நொடி மீதமிருக்கையில் பிரிண்டேசிஸ் மெல்லத் தூக்கிப் போட்ட பந்து கூடையில் விழுந்தது: 62-61. பிக் அண்ட் ரோல் ஆடும் கார்டுக்கு வேலையே ஒன்பது பேரையும் ஒரே நேரத்தில் படிப்பதுதான். அந்தப் படிப்பை ஸ்பனூலிஸ் மரூசியிலும் சைதாமாவிலும் படித்தார். ஒப்ரடோவிச், துஷான் இவ்கோவிச், யோர்கோஸ் பார்ட்சோகாஸ் ஆகியோரிடம் மேற்படிப்பு. பயிற்சியாளர் ஆவதற்கு இதைவிட நல்ல பள்ளி ஐரோப்பாவில் கிடையாது.

ஓய்வு பெற்ற ஓராண்டில் அவர் பெரிஸ்டேரி என்ற நடுத்தரக் கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். யன்னாகிஸ் இதற்கு நேர்மாறாகத் தொடங்கினார். ஆட்டத்தை விட்ட கையோடு தேசிய அணியை ஏற்று, 1998 அதென்ஸ் உலகப் போட்டியில் நான்காமிடம் பெற்று, பிறகே மரூசி போன்ற சின்னக் கழகத்தில் பொறுமையாக உழைத்தார். மேலிருந்து கீழே வந்து கற்றவர் அவர். ஸ்பனூலிஸ் கீழிருந்து ஏறினார். 2024-இல் பெரிஸ்டேரியைச் சாம்பியன்ஸ் லீகின் இறுதி நால்வர் வரை கொண்டுபோனார். அதற்குள், 2023-இன் பிற்பகுதியில், தேசிய அணியும் அவரிடம் வந்துவிட்டது.

2024 ஜூலையில் கிரீஸ், குரோவேஷியாவை 80-69 என்று வென்று ஒலிம்பிக் தகுதி பெற்றது. ஆட்டம் நடந்தது 1987-இன் அதே பிரேயஸ் அரங்கம். கிரீஸ் அதற்கு முன் கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 2008-இல் பெய்ஜிங்கில், யன்னாகிஸ் பயிற்சியாளராக இருந்தபோது. நடுவில் 16 ஆண்டுகள், பல பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். பாரிஸில் காலிறுதியோடு ஜெர்மனியிடம் தோற்றுத் திரும்பியதைப் பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். போய்ச் சேர்ந்ததுதான் செய்தி.

ஸ்பனூலிஸின் கையிலிருப்பது யன்னாகிஸுக்குக் கிடைக்காத சரக்கு: யானிஸ் அன்டெடொகூம்போ. நான்கு சமமான கார்டுகளைச் சமாளிப்பது ஒரு கலை. உலகின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற பதினோரு பேரும் தாங்கள் வேண்டாதவர்கள் என்று நினைக்காமல் பார்த்துக்கொள்வது வேறு கலை. இரண்டாவது சுலபம் என்று நினைப்பவர்கள், முந்தைய கிரேக்க அணிகள் யானிஸோடு ஒரு பதக்கமும் வாங்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்கலாம். 2025 ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில் லிதுவேனியாவை 87-76 என்று வென்ற கிரீஸ், அரையிறுதியில் துருக்கியிடம் 68-94 என்று நொறுங்கியது. யானிஸை 12 புள்ளிகளில் நிறுத்தினார்கள். துருக்கிப் பயிற்சியாளர் எர்கின் அடமான் அப்போது பனதினாய்கோஸின் பயிற்சியாளரும்கூட; அதென்ஸில் அந்த இரவு யார் யாரைத் திட்டினார்களோ! இரண்டு நாள் கழித்து ஃபின்லாந்தை 92-89 என்று வென்று வெண்கலம். யானிஸ் 30 புள்ளிகள் எடுத்தார். 2006-இல் யன்னாகிஸின் அணி அரையிறுதியில் உச்சம் தொட்டு இறுதியில் சரிந்தது. ஸ்பனூலிஸின் அணி அரையிறுதியில் சரிந்து பிறகு எழுந்தது. சரிந்த இரவுக்குப் பின் தூக்கி நிறுத்த ஓர் ஆள் இருந்ததே வித்தியாசம்.

மொனாக்கோவிலும் இதே பாடம். 2024 நவம்பரில் அந்தக் கழகத்தை ஏற்றபோது அங்கே முதன்மை ஆட்டக்காரர் மைக் ஜேம்ஸ். ஸ்பனூலிஸின் யூரோலீக் புள்ளிச் சாதனையை 2023-24 பருவத்தில் முறியடித்தவர் அவரேதான். தன் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளியவரையே தன் அணியின் ஆணிவேராக வைத்து ஸ்பனூலிஸ் 2025 மே மாதம் அபுதாபி இறுதி நால்வருக்குப் போனார். அரையிறுதியில் 78-68 என்று அவர் வென்றது ஒலிம்பியாகோஸை. அதன் பயிற்சியாளர், 2013-இல் லண்டனில் ஸ்பனூலிஸோடு கோப்பை வென்ற பார்ட்சோகாஸ். ஆட்டக்காரராக ஓர் ஆசிரியரையும் பயிற்சியாளராக இன்னோர் ஆசிரியரையும் யூரோலீக் அரையிறுதியிலேயே தாண்டியிருக்கிறார். இறுதியில் ஃபெனர்பாஹ்சேயிடம் தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர் ஷாருனாஸ் யாசிகெவிசியஸ் 2009-இல் பெர்லினில் ஸ்பனூலிஸின் சக ஆட்டக்காரர்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கழகப் பயிற்சியில் ஸ்பனூலிஸ் மூன்றே ஆண்டுகளில் எட்டிய இடத்துக்கு வர யன்னாகிஸுக்கு அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக ஆயிற்று. அந்தத் துறையில் மாணவர் முந்திவிட்டார். தேசிய அணியில் யன்னாகிஸ் இன்னும் மேலே. ஒரு தங்கமும் ஓர் உலக வெள்ளியும் மட்டும் அதற்குக் காரணமல்ல. யானிஸ் போன்ற ஒருவர் இல்லாமல் அவற்றை எடுத்தார், அந்த அணியிலிருந்தே அடுத்த பயிற்சியாளரையும் நாட்டுக்குக் கொடுத்தார். ஸ்பனூலிஸின் அணியிலிருந்து அப்படி ஒருவர் வருவாரா என்பது தெரிய இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆகும். யூரோலீக் இறுதியைப் பொறுத்தவரை கணக்கு சமம்: 2010-இல் பாரிஸில் யன்னாகிஸின் ஒலிம்பியாகோஸ் பார்சிலோனாவிடம் 68-86 என்று தோற்றது, 2025-இல் அபுதாபியில் ஸ்பனூலிஸின் மொனாக்கோ 70-81 என்று தோற்றது.